நாலு மணி நேரப் பேச்சு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மீன் குழம்பு கொதிக்கிற நேரத்தில் ஒரு போன் வந்தது. மும்பை முலுண்டிலிருந்து ஒரு பெண்மணி. எங்கள் ஊர்க்காரர் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். மகளுக்கு 16 வயது, பிறந்ததிலிருந்தே காது கேட்காது. ஒரு டிரஸ்ட் பாதிப் பணம் தருகிறேன் என்கிறதாம், ஆபரேஷன் செய்து காதுக்குள் வைக்கிற கேட்கும் கருவியை, காக்ளியர் இம்ப்ளாண்ட்டை, வைத்துவிடலாமா என்று வீட்டில் பேச்சு ஓடுகிறதாம். "உங்க தம்பிக்கும் பெரிய ஆளானப்புறம்தானே வெச்சீங்க. இப்ப நல்லாப் பேசுறாராக்கா?" என்று கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. "கொஞ்சம் வேலையா இருக்கேன், நானே கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். நாலு நாள் கூப்பிடவும் இல்லை.

பதில் தெரியாமல் இல்லை. 14 வருஷமாக இதே கேள்விக்குத்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண மண்டபத்தில், பேங்க் கேண்டீனில், ஊருக்குப் போனால் கோயில் கொடையில். "பரவால்ல, முன்னைக்கு இப்ப நல்லாக் கேக்குது" என்பது வெளியில் சொல்ல வைத்திருக்கும் பதில். உள்ளுக்குள் பல வருஷம் வைத்திருந்த பதில் வேறு: ஏமாந்துவிட்டோம். அந்த ஆபரேஷனுக்கு லோன் போட்டது நான், 5 வருஷம் மாதாமாதம் இ.எம்.ஐ. கட்டியதும் நான். அதனால் இரண்டாவது பதிலில் கொஞ்சம் வட்டியும் சேர்ந்திருந்தது. இரண்டுமே சரியில்லை என்று 2023-ல் ஒரு மழை நாளில் தெரிந்தது. அதைப் போனில் எப்படிச் சொல்வது?

மம்மி

எங்கள் குடும்பம் தாராவி. அப்பா நாங்குநேரிப் பக்கமிருந்து வந்தவர். விடிகாலையில் ஒரு அலுமினியப் பாத்திரம் நிறைய இட்லியையும் ஒரு வாளிச் சட்னியையும் சைக்கிளில் கட்டிக்கொண்டு, ரப்பர் ஹாரனை 'பாம் பாம்' என்று அமுக்கிக்கொண்டு கிளம்புவார். மும்பைக்காரர்களுக்கு அந்த ஹாரனைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. தம்பி பிறந்தது 1988-ல். அப்பா அம்மாவுக்குத் தாய்மாமன். இதைச் சொன்னதும் டாக்டர்கள் ஒரு மாதிரித் தலையாட்டுவார்கள். சொந்தத்தில் கட்டினால் எல்லாப் பிள்ளைக்கும் இப்படி ஆவதில்லை, நானே சாட்சி. ஆனால் பழுதான ஒரே மரபணு இரண்டு பேரிடமும் ஒளிந்திருக்கும் வாய்ப்பு கூடிப்போகிறது என்பதும் உண்மைதான். "பேச்சு லேட்டா வரும், இவன் சித்தப்பனும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று ஆச்சி சொல்லிச் சொல்லியே மூணு வருஷம் ஓடியது. 1991-ல் சோதித்துப் பார்த்தபோது, இரண்டு காதிலும் 100 டெசிபல் பக்கம் சத்தம் வைத்தால்தான் கேட்டது. சயான் ஸ்டேஷனில் ரயில் அலறிக்கொண்டு போனால் ஏதோ அதிர்கிறது என்று தெரியும், அவ்வளவுதான்.

அப்போதே இம்ப்ளாண்ட் வைத்திருக்கலாமே என்று இன்றைய பெற்றோர்கள் கேட்கிறார்கள். அமெரிக்காவிலேயே குழந்தைகளுக்கு 22 மின்முனைக் கருவியை வைக்க அனுமதி கிடைத்தது 1990-ல்தான். இட்லிச் சைக்கிள்காரருக்கு அந்தச் செய்தி எந்தப் பேப்பரில் வரும்? இன்றைக்கு, மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவி கொடுக்கிற மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில், பிறவியிலேயே கேட்காத குழந்தை 5 வயதுக்குள் இருந்தால் கருவிக்கு அரசுப் பணம் கிடைக்கிறது. பாந்த்ராவில் இருக்கும் அலி யாவர் ஜங் தேசிய நிறுவனம்தான் நாடு முழுவதற்கும் அந்த வேலையைப் பார்க்கிறது. தமிழ்நாட்டில் முதலமைச்சர் காப்பீட்டில் 6 வயதுக்குள் என்றால் இலவசம். ஊரில் யாராவது இதைச் சொல்லும்போதெல்லாம் அம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்ப்பாள், எத்தனை வருஷம் பிந்திப்போனோம் என்று.

எங்களுக்குக் கிடைத்தது, சட்டைப் பையில் வைத்துக் காதுக்கு ஒயர் இழுக்கிற பெட்டி மிஷின். அதோடு ஓர் அறிவுரையும் கிடைத்தது: ஒரு மொழிதான். வீட்டில் தமிழ், தெருவில் இந்தி, வெளியே மராத்தி என்று இருந்தால் பிள்ளை குழம்பிவிடுவான், ஸ்கூலில் இந்திதான், ஆகவே வீட்டிலும் இந்தி மட்டும் பேசுங்கள். சொன்னவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அந்தக் காலத்தில் பலரும் அப்படித்தான் சொன்னார்கள். அம்மாவுக்கு அப்போது தெரிந்த இந்தி, காய்கறிக்காரனிடம் பேரம் பேசும் அளவு. இருந்தும் மாறினாள். என்னிடம் "ஏட்டி, அந்தச் செம்ப எடு" என்பாள். அப்படியே முகத்தைத் திருப்பி, வாயை அகலமாகத் திறந்து, அவனிடம் "பேட்டா, பானி பியோ" (மகனே, தண்ணி குடி) என்பாள். ஒரே அடுப்படிக்குள் இரண்டு அம்மாக்கள் இருந்தார்கள். பெற்ற பிள்ளையைத் தன் வாய்மொழியில் ஆசை தீரத் திட்டக்கூட அவளுக்கு வழியில்லை. அவன் அவளை மம்மி என்றான், என்னை தீதி என்றான். ஆச்சி அவனோடு கடைசிவரை பேசியதே இல்லை. தலையைத் தடவுவாள், முறுக்கை உடைத்துக் கையில் வைப்பாள்.

இன்றைக்கு அந்த அறிவுரையை அவ்வளவு கறாராகச் சொல்கிறவர்கள் குறைந்துவிட்டார்கள். இம்ப்ளாண்ட் வைத்த குழந்தைகளிலேயே இரண்டு மொழி கேட்டு வளர்கிறவர்கள் அதனால் பின்தங்கிவிடவில்லை என்று பிறகு வந்த ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை. சொல்லவும் போவதில்லை.

உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வதில் தம்பி கெட்டிக்காரன். ஆனால் உதட்டில் தெரிவது பாதிதான். கண்ணாடி முன்னால் நின்று சத்தம் வராமல் 'அப்பா' சொல்லிப் பாருங்கள், அப்புறம் 'அம்மா' சொல்லிப் பாருங்கள். உதடு இரண்டுக்கும் ஒரே வேலையைத்தான் செய்யும். பாடு-மாடு, படம்-மடம், ஜோடி ஜோடியாக எல்லாம் ஒன்றுதான். 'க' தொண்டைப் பக்கம் நடக்கிற விஷயம், வெளியே ஒன்றும் தெரியாது. மிச்சத்தை ஊகத்தில் நிரப்பிக்கொண்டுதான் அவன் பத்தாவது தாண்டினான், டி.டி.பி. படித்தான், பரேலில் ஒரு அச்சகத்தில் டிசைனர் ஆனான். சைகை மொழியை ஸ்கூலில் யாரும் பாடமாக நடத்தவில்லை. ரீசஸில் பிள்ளைகளே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துக்கொண்டார்கள். வீட்டுக்கு வந்தால் கையை அடக்கிக்கொள்வான். அவன் தங்குதடையில்லாமல் பேசுகிற ஒரே மொழி அது என்பது எனக்கு ஒருநாள் லோக்கல் ரயிலில்தான் தெரிந்தது. மாற்றுத்திறனாளிகள் பெட்டியில் அவனும் மூன்று நண்பர்களும் கையால் பேசிக்கொண்டிருந்ததைப் பக்கத்துப் பெட்டியின் கம்பித் தடுப்பு வழியாகப் பார்த்தேன். வீட்டில் நான் பார்த்திராத ஒருத்தன் அங்கே நின்று யாரையோ கிண்டல் செய்துகொண்டிருந்தான்.

மண்டைக்குள் யாரோ சுண்டுகிறார்கள்

ஆபரேஷன் 2011-ல், அவனுடைய 23-வது வயதில். எனக்கு பேங்க் வேலை நிரந்தரமாகியிருந்தது. யூடியூபில் ஒரு குழந்தைக்குக் கருவியை முதல்முறை ஆன் செய்கிற வீடியோவைப் பார்த்துவிட்டு ராத்திரி முழுக்க அழுதிருந்தேன். அவ்வளவுதான் காரணம். காது எவ்வளவு கேட்கிறது என்று சோதிக்கிற ஆடியாலஜிஸ்ட் நேர்மையானவர். "எதிர்பார்ப்பைக் குறைச்சுக்குங்க. இந்த வயசுல வெச்சா சத்தம் கேக்கும், பேச்சு புரியுமான்னு சொல்ல முடியாது" என்று இரண்டு தடவை சொல்லி, தாளிலும் எழுதிக் கையெழுத்து வாங்கினார். நாங்கள் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு, எதிர்பார்ப்பைப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்து வந்தோம்.

நாலு வாரம் கழித்து ஸ்விட்ச் ஆன். காதுக்குப் பின்னால் ப்ராசஸர், அதிலிருந்து ஒரு ஒயர், ஒயர் முனையில் காயில். காயிலுக்குள் காந்தம், தோலுக்கு அடியிலும் காந்தம், இரண்டும் பிடித்துக்கொள்ளும். கம்ப்யூட்டரில் ஒவ்வொரு மின்முனையாகத் தட்டினார்கள். வீடியோவில் போல அவன் முகம் மலரவில்லை. புருவம் சுருங்கியது, கையால் தலையைப் பிடித்துக்கொண்டான், என்னைப் பார்த்து விரலைச் சுண்டிக் காட்டினான். மண்டைக்குள் யாரோ சுண்டுகிறார்களாம். அம்மாவுக்குத் தாங்கவில்லை. எல்லா விதியும் மறந்துபோய், இருபது வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக அவனைத் தமிழில் "எய்யா" என்று கூப்பிட்டாள். அவன் திரும்பவில்லை.

அதே வாரம் அதே டாக்டரிடம் அதே கம்பெனிக் கருவியை வைத்துக்கொண்ட இன்னொருவர் உண்டு. மாட்டுங்காவில் இருந்து வருவார், ரிடையர் ஆனவர், 68 வயது. ஏதோ ஒரு மருந்தால் காது போய் இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. மூன்றாவது மாதம் காத்திருக்கும் பெஞ்சில் உட்கார்ந்து, பூனாவில் இருக்கும் மகளிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். அப்பா என்னைத் தனியே கூப்பிட்டு, "ஏட்டி, நம்ம மிஷின்ல ஏதும் கோளாறா? மாத்திக் கேப்பமா?" என்றார். மிஷினில் ஒன்றுமில்லை. நல்ல காதில் மூளைக்குச் சத்தத்தை அனுப்ப சுமார் 3,500 நுண்முடிச் செல்கள் இருக்கின்றன. அந்த வேலையை இங்கே 22 மின்முனைகள் செய்கின்றன. வருவது ஒரு கோட்டோவியம்தான். மாட்டுங்காப் பெரியவரிடம் 66 வருஷத்துச் சத்தம் மூளையில் சேமிப்பாக இருந்தது, கோட்டைப் பார்த்ததும் முகத்தைக் கண்டுபிடித்துவிட்டார். தம்பியிடம் பொருத்திப் பார்க்க எந்த முகமும் இல்லை.

பிறவியிலேயே கேட்காத குழந்தைகளின் மூளை அலைகளை அளந்து அனு சர்மா என்ற ஆய்வாளர் செய்த வேலை இந்தத் துறையில் பிரபலம். மூன்றரை வயதுக்குள் இம்ப்ளாண்ட் வைத்தால் சத்தத்துக்கு மூளை காட்டும் எதிர்வினை சில மாதங்களிலேயே மற்றக் குழந்தைகளைப் போல ஆகிவிடுகிறது. 7 வயதைத் தாண்டி வைத்தால் பெரும்பாலும் அப்படி ஆவதில்லை. கேட்பதற்கென்று மூளையில் இருக்கிற இடம் சத்தம் வரும்வரை சும்மா கிடக்காது, பார்வையும் தொடுதலும் கொஞ்சம் கொஞ்சமாக வந்து குடியேறிவிடும். காலி இடம் என்ன ஆகும் என்று தாராவிக்காரிக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். 23 வருஷம் கழித்துப் பட்டாவைக் காட்டிக் காலி செய்யச் சொன்னால் எழுந்து போவார்களா?

முதல் வருஷம் தெரபிக்குப் போகும்போது மட்டும் மாட்டிக்கொள்வான், படியிறங்கும்போதே கழற்றிப் பையில் போடுவான். தெரபிஸ்ட் ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு ஆறு ஒலிகளைச் சொல்வார்: ஆ, ஊ, ஈ, ஷ், ஸ், ம். எட்டு மாதத்தில் ஆறில் ஐந்து பிடித்தான். பத்துச் சொற்களை எழுதி முன்னால் வைத்துவிட்டு, அதில் ஒன்றைச் சொன்னால் ஏழு தடவை சரியாகத் தொடுவான். தாளை எடுத்துவிட்டால் பூஜ்யம். எவ்வளவு மெல்லிய சத்தம்வரை கேட்கிறது என்று காட்டும் ஆடியோகிராம் படத்தில் கோடு 30 டெசிபலுக்கு ஏறிவிட்டது. அதாவது மெல்லப் பேசினாலே சத்தம் உள்ளே போகிறது. கேட்பது ஒன்று, கேட்டது என்னவென்று தெரிவது இன்னொன்று என்று எனக்கு அந்தத் தாள்தான் சொல்லிக்கொடுத்தது. அந்த ஏழும் பூஜ்யமும் வருஷக்கணக்காக அப்படியே இருந்தன.

ஒன்றுமே வரவில்லை என்று சொன்னால் பொய். 2012-ல் ஒருநாள் காலை அவன் வாசல்படியில் தெருவுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தான். அப்பா காலிப் பாத்திரத்தோடு திரும்பி வந்தவர், எப்போதும்போல ஹாரனை அமுக்கினார். அவன் திரும்பிப் பார்த்தான். அப்பாவால் நம்ப முடியவில்லை. அவனை மறுபடி முதுகு காட்டி உட்காரச் சொல்லிவிட்டு அமுக்கினார். திரும்பினான். முப்பது தடவையாவது இருக்கும், எதிர்வீட்டு மராத்திக்காரி வெளியே வந்து சண்டைக்கு நிற்கும்வரை அமுக்கிக்கொண்டே இருந்தார். அதற்கப்புறம் அவன் செய்கிற சத்தங்களை அவனே கண்டுபிடித்தான். செருப்பைத் தேய்த்தால் சத்தம், அப்பளம் தின்றால் சத்தம், குழாயை மூடாமல் விட்டால் சத்தம். இன்னொரு சத்தத்தையும் கண்டுபிடித்தான், அதை எழுதினால் அடிப்பான். ராத்திரி பதினோரு மணிக்குக் கட்டைக் குரலில் கத்திப் பேசுவது நின்றது. ஆனால் பேச்சு? 'ஸ' கொஞ்சம் துலங்கியது. குரலின் உயரம் சற்று இறங்கியது. மற்றபடி, அவனைத் தெரியாத ஒருவருக்கு அன்றைக்கு எவ்வளவு புரிந்ததோ அவ்வளவுதான் இன்றைக்கும் புரியும். அப்பா 2017-ல் போகும்வரை "இன்னும் ஒரு வருஷம் பாப்போம்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார்.

கொரோனாவில் எல்லோரும் மாஸ்க் போட்டபோது அவனுக்கு உலகத்தின் உதடெல்லாம் ஒரே நாளில் காணாமல் போனது. யாரோ தன்னிடம் ஏதோ சொல்கிறார்கள் என்பதாவது தெரிவதற்கு அந்த மிஷின்தான் இருந்தது. நான் அதையும் பலன் என்று கணக்கில் எழுதவில்லை.

பார் சார்ட்

2022-ல் கம்பெனியிடமிருந்து செய்தி: பழைய மாடலுக்கு இனி உதிரிபாகம் கிடைக்காது, புதிய ப்ராசஸர் வாங்கிக்கொள்ளுங்கள். மறுபடியும் லட்சங்கள். உள்ளே வைத்தது பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், வெளியே மாட்டுவது இருக்காது என்பதை ஆபரேஷனுக்கு முன்னால் யாராவது சொல்லியிருப்பார்கள், எங்கள் காதில்தான் விழுந்திருக்காது. நான் அம்மாவிடம் கத்தினேன். "பதினோரு வருஷமாப் போட்டு ஒரு வார்த்தை கூடுதலாப் பேசுனானா? இன்னும் எதுக்கும்மா தண்டம்?" தமிழில்தானே பேசுகிறோம், அவனுக்கு என்ன தெரியப்போகிறது என்ற தைரியம். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு கட்டிலில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் செம்பூரில் என் வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் வாட்ஸ்அப்பில் இந்தியில் ஒரு வரி: 'கோபமாக இருந்தாயே, என் மிஷினைப் பற்றித்தானே? நானே வாங்கிக்கொள்கிறேன்.' அம்மா சொல்லியிருப்பாள் என்று நினைத்தேன். தன் சேமிப்பில் வாங்கினான். மீதிக்கு அவன் பெயரிலேயே லோன்.

அடுத்த வருஷம் ஜூலை. மும்பை ஜூலையில் சுவரே வியர்க்கும், ப்ராசஸர் எம்மாத்திரம். தினமும் ராத்திரி உலர் டப்பாவுக்குள் வைத்தும் கரகரவென்று சத்தம் வருகிறது என்றான். அம்மாவுக்குக் காய்ச்சல், அதனால் நான் கூடப் போனேன். ஒவ்வொரு மின்முனையின் அளவையும் கம்ப்யூட்டரில் சரிசெய்கிற மேப்பிங் அறையில் ஒரு சின்னப் பெண், புதிதாகச் சேர்ந்த ஆடியாலஜிஸ்ட். ப்ராசஸரைக் கம்ப்யூட்டரில் செருகினாள். புதிய மாடல்களில் ஒரு வசதி உண்டு, நாம் எத்தனை மணி நேரம் மாட்டியிருக்கிறோம், சுற்றிலும் எந்த மாதிரிச் சத்தம் இருந்தது என்பதை அதுவே குறித்துவைத்துக்கொள்ளும். திரையில் கலர் கலராகப் பட்டைகள் வந்தன. ஒரு நாளைக்குச் சராசரி பதிமூன்றரை மணி நேரம். நான் அந்தப் பெண்ணிடம் "வேற யாரோடதையாவது திறந்துட்டீங்களா?" என்று கேட்டேன். பெயரைக் காட்டினாள், அவன்தான்.

அமைதி என்று ஒரு பட்டை, இரைச்சல் என்று ஒன்று, காற்றுக்கு ஒன்று, இசைக்கு ஒன்று. பேச்சு என்று போட்டிருந்த பட்டை தினம் நாலு மணி நேரத்தைத் தாண்டியிருந்தது. அவள் சந்தோஷமாக அவனைப் பார்த்து, ஆபீஸில் நிறையப் பேசுவீர்களா என்று கேட்டாள். அவன் சிரித்துவிட்டான். அவன் டிசைன் அறையில் மூன்று பேர், மூன்று பேருக்குமே காது கேட்காது. கீழே மிஷின் ஓடும் சத்தம் இரைச்சல் பட்டையில் ஏறியிருக்கும். ரயிலில் கையால் பேச்சு. அப்படியானால் இந்த நாலு மணி நேரம் எங்கிருந்து வந்தது? இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கென்ன தெரியும்?

போனில் டைப் செய்து காட்டினான். 'வீடு. ராத்திரி. மம்மியும் அத்தையும் பேசுவது.'

அத்தை இருப்பது பக்கத்துக் கோலியில், அதாவது பக்கத்து ஒற்றை அறை வீட்டில். அவன் வேலையிலிருந்து வரும் நேரத்துக்கு வந்தாள் என்றால் பதினொன்றரை வரைக்கும் அம்மாவோடு உட்கார்ந்திருப்பாள். கீரை ஆய்வார்கள், பூண்டு உரிப்பார்கள், ஊர்க்கதை பேசுவார்கள். எல்லாம் தமிழில். அவனுக்குத் தெரியாத, தெரிய விடாத தமிழில். "டிவிலே சீரியல் ஓடினாலும் அதையும் இது பேச்சுன்னுதான் எடுத்துக்கும்" என்று அந்தப் பெண் சொன்னாள். சரி, கொஞ்சம் சீரியலும் இருக்கட்டும். நான் கேட்டேன், "அவங்க பேசுறது புரியுதா?" இல்லை என்று தலையாட்டினான். "அப்புறம் எதுக்கு அதைப் போட்டுட்டு உக்காந்திருக்கே? தலை வலிக்காதா?" கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு டைப் செய்தான்: 'நீ சமைக்கும்போது டிவியைப் போட்டுவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பி நிற்கிறாயே, பார்க்கவா செய்கிறாய்?'

அந்தப் பெண் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அந்த வாரம் சனிக்கிழமை ராத்திரி அம்மா வீட்டில் தங்கி, ஒரு மூலையில் உட்கார்ந்து அவனைப் பார்த்தேன். போனில் கிரிக்கெட் ஓடுகிறது, சத்தமில்லாமல். முதுகு எங்கள் பக்கம். அத்தை உரக்கச் சிரித்தால் அவன் உதட்டோரம் லேசாக இழுபடுகிறது. யார் வீட்டு வம்போ பேச அம்மா குரலைத் தாழ்த்தியதும் தலையைத் தூக்குகிறான், தொனி மாறிவிட்டதே என்று. அம்மா "ஏலே" என்றால் திரும்புகிறான். நான் திரைச்சீலைக்குப் பின்னால் போய் நின்று "ஏலே" என்றேன். திரும்பாமலே கையை ஆட்டினான்: 'மம்மி இல்லை, தீதி.' குரலை வைத்து ஆளைச் சொல்கிறான் என்று எனக்குத் தெரியவே தெரியாது. அப்போதுதான் 2022-ல் வந்த அந்த வாட்ஸ்அப் வரி ஞாபகம் வந்தது. அம்மாவிடம் கேட்டேன், அவள் எதுவும் சொல்லியிருக்கவில்லை. என் வார்த்தை எதுவும் அவனுக்குப் புரியவில்லை, கோபம் மட்டும் போய்ச் சேர்ந்திருக்கிறது.

அப்புறம் ஒரு விளையாட்டாக, எத்தனை தமிழ் வார்த்தை தெரியும் என்று எடுத்துப் பார்த்தோம். அம்மா சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டு சொல்வாள், அவன் நடித்துக் காட்டுவான். வா. சாப்பிட்டியா. போதும். மழை. கதவு. கிட்டத்தட்ட பதினைந்து தேறியது. 'சனியனே' என்றால் செல்லமாகக் கூப்பிடுவது என்று நினைத்துக்கொண்டிருந்தான், அம்மா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொல்வாளாம். தெரபியில் வருஷக்கணக்காக அவனைச் சோதித்தது இந்திச் சொற்பட்டியலை வைத்து. மூணு வயதில் எதைக் கொடுக்கக் கூடாது என்று வீட்டுக்குள் கதவடைத்து வைத்தோமோ, அதை அவன் 23 வயதுக்கு மேல் யாரிடமும் சொல்லாமல் தினம் நாலு மணி நேரம் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். அதற்கு எந்தப் படிவத்திலும் ஒரு கட்டம் கிடையாது. நானும் என் கணக்கில் ஒதுக்கவில்லை.

இதை வைத்து ஆஸ்பத்திரிக்கு விளம்பரப் போஸ்டர் அடித்துவிடாதீர்கள். தம்பியோடு தெரபிக்கு வந்த, பெரிய வயதில் வைத்துக்கொண்ட நாலு பேரில் இரண்டு பேருடைய மிஷின் இன்றைக்கும் டப்பாவுக்குள்தான் இருக்கிறது. சிறுவயதிலிருந்து ஹியரிங் எய்டு போட்டு, கொஞ்சமாவது சத்தம் போய்ச் சேர்ந்து, வாயால் பேசிப் பழகியவர்களுக்குத் தாமதமாக வைத்தாலும் ஓரளவு கைகொடுக்கிறது. சத்தமே அறியாமல் பதின்ம வயதைத் தாண்டியவர்களில் பேச்சைக் காதால் மட்டும் கேட்டுப் புரிந்துகொள்கிறவர்கள் சிலர்தான். செலவும் ஒரு தடவையோடு முடிவதில்லை: ஒயர், காயில், பேட்டரி. எம்.ஆர்.ஐ. எடுக்க வேண்டி வந்தால் தலைக்குள் காந்தம் இருக்கிறது என்று முதலிலேயே சொல்லியாக வேண்டும். இரண்டு வயதில் வைக்க வழியிருக்கிற குழந்தைக்கு ஒரு மாதம்கூடத் தள்ளிப்போடக் கூடாது என்று நான் யாரிடம் வேண்டுமானாலும் சண்டை போடுவேன். ஆனால் 16 வயதுப் பெண்ணுக்கு?

சென்ற ஞாயிறு

ஐந்தாவது நாள் முலுண்ட் அம்மாவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை மகளோடு வாருங்கள், தம்பியையே பாருங்கள் என்றேன். விஷயத்தைத் தம்பிக்கு அனுப்பியதும் ஒரே ஒரு கேள்வி வந்தது: 'பெண்ணுக்கு வேண்டுமா?' திரும்ப அந்த அம்மாவிடமே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவகிட்ட இன்னும் கேக்கலக்கா. பணம் உறுதியாகட்டும்னு..." என்றார். நான் எந்த முகத்தோடு அவரைக் குறை சொல்ல? 2011-ல் நாங்கள் தம்பியிடம் ஆபரேஷன் தேதியைத்தான் சொன்னோம்.

வந்தார்கள். அந்தப் பெண் முதுகுப் பையைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். தம்பி கையை அசைத்து ஏதோ கேட்டான். அவள் அம்மாவை ஒரு பார்வை பார்த்தாள், பிறகு பதில் சொன்னாள். ஐந்து நிமிஷத்தில் பை தரையில் கிடந்தது, இரண்டு பேர் கையும் நிற்கவில்லை. "என்னக்கா பேசிக்கிறாங்க?" என்று அந்த அம்மா என்னைக் கேட்டார். எனக்குத் தெரிந்த நாற்பது ஐம்பது சைகையை வைத்து அந்த வேகத்தைப் பிடிக்க முடியாது. 'ரயில்', 'வலி', 'பணம்', அப்புறம் ஒரு தடவை 'மம்மி'. அவ்வளவுதான் எனக்குத் தேறியது.

அவள் அவன் தலையைச் சுட்டிக்காட்டி ஏதோ கேட்டாள். அவன் காயிலைக் கழற்றி அவள் கையில் வைத்தான். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். ரயில் கம்பியில் தலையைச் சாய்த்தால் அது எப்படிப் போய் ஒட்டிக்கொள்ளும் என்று அவன் எழுந்து நடித்துக் காட்டினான். பிறகு வாங்கி, சமையலறை வாசலில் இருந்த ஃபிரிட்ஜில், கரண்ட் பில்லுக்குப் பக்கத்தில் டப்பென்று ஒட்டினான். ப்ராசஸர் ஒயரில் தொங்கி ஆடியது. அவள் அதைப் பிடுங்கி ஃபிரிட்ஜின் உச்சியில் ஒட்டினாள். அவன் எட்டி எடுத்துக் கதவின் கீழ்மூலையில் ஒட்டினான். இரண்டு பேரும் சத்தம் போட்டுச் சிரித்தார்கள், அந்தப் பெண்ணின் சிரிப்பு தெருமுனைவரை கேட்டிருக்கும்.

உள்ளே வடை தட்டிக்கொண்டிருந்த அம்மா, "ஏலே, என்னத்தல அப்படிச் சிரிப்பு?" என்று கேட்டாள்.

மிஷின் ஃபிரிட்ஜ் கதவில் இருந்தது. அவன் திரும்பவில்லை.